சாரல் ஊரில் ஒரு சாலைப் பேச்சு

(குற்றாலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். செயலாளர் அண்ணாச்சி போனில் சொல்லும்போதே, "தம்பி, ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது, எல்லாரும் குளிக்கப் போற அவசரத்துல இருப்பாங்க, நீளமாப் பேசிராதீங்க"ன்னு எச்சரித்துவிட்டார். ஆகவே முன்னுரையெல்லாம் இல்லாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த முனைவர் இராஜகோபாலன் வாசுதேவன் அவர்களின் ஆராய்ச்சி. 'நம்ம கல்லூரி மேடையில அடுத்த கல்லூரி வாத்தியாரா?' என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. கேட்கட்டும். விளையாட்டு மைதானத்துக் கணக்கு வழக்கு வேறு, இது வேறு. இன்று மதியம் பொதுக்குழுவில் நாம் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு. அது கடைசியில்.

குற்றாலத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. இருந்தும் கடைத்தெரு ஓரத்துச் சாக்கடையைக் குனிந்து பார்த்தால் ஷாம்பு உறை, சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை எல்லாம் சாரல் தண்ணீரில் மிதந்து போகின்றன. இந்தச் சின்ன உறைக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் சில்லறைக் காசுக்குச் சாமான் விற்கச் சிறு உறை என்ற யோசனையைப் பிடித்தவர். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். ஏழைபாழைகளுக்கும் ஷாம்பு கிடைத்தது நல்ல காரியம்தான். ஆனால் அந்த உறையின் உடம்பு இருக்கிறதே, அது ஒரே பொருள் இல்லை. பல அடுக்கு ஒட்டி ஒட்டிச் செய்தது. ஒரு அடுக்கில் பாலியஸ்டர், ஒன்றில் அலுமினியப் பூச்சு, உள்ளே பாலிதீன். பழைய பேப்பர்காரர் இதைத் தொடவே மாட்டார். எடைக்கு எடுத்து என்ன செய்ய? உருக்கி மறுபடி குடமாகவோ பக்கெட்டாகவோ செய்ய முடியாது.

பாலிமர் என்றால் என்ன என்று இங்கே இருக்கும் வேதியியல் ஆசிரியர்கள் முன்னால் நான் விளக்கினால் அடி விழும். தாய்மார்களுக்காக ஒரு வரி மட்டும். சின்னச் சின்ன மூலக்கூறுகள் பூத்தொடுத்தது போல ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நிற்கும் சங்கிலிதான் பாலிமர். 1920-ல் ஜெர்மானியர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் இதைச் சொன்னபோது பெரிய பெரிய வேதியியல்காரர்கள் ஏற்கவில்லை. 1953-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பாலிதீன் கிடைத்ததே 1933-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல்தான். இந்தச் சங்கிலியை மண்ணில் உள்ள கிருமிகள் லேசில் கடித்துத் துண்டாக்க முடியாது. அதுதான் அதன் பலம், அதுதான் நமக்குத் தலைவலி.

இனி சாலைக்கு வருவோம், என் தொழிலுக்கு.

ரோட்டில் குழி எப்படி விழுகிறது? லாரி கனத்தால் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற ஜல்லி லாரிகள், எம்-சாண்ட் லாரிகளைத் தினமும் பார்க்கிற தென்காசிக்காரர்கள் இதை நம்ப மாட்டீர்கள். ஆனால் முதல் குற்றவாளி தண்ணீர். நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி இருக்கிறதே, அதற்குத் தார் மேல் உள்ள பாசத்தைவிடத் தண்ணீர் மேல் பாசம் ஜாஸ்தி. தார் எண்ணெய் சாதி, கல் தண்ணீர் சாதி. காய்ந்த கல்லைச் சுடவைத்துத் தார் பூசினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேல்பரப்பில் ஒரு மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்துவிட்டால், கல் தாரைக் கைவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே சக்கரம் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பிதுங்கும், சக்கரம் இறங்கியதும் உறிஞ்சும். பிதுக்கி உறிஞ்சி, பிதுக்கி உறிஞ்சி, ஒரு கல் கழன்று வரும். ஒன்று கழன்றால் பக்கத்துக் கல்லுக்குப் பிடிமானம் போச்சு. அப்புறம் குழிதான். சென்னையில் வருஷத்தில் சில வாரம் கனமழை. குற்றாலத்திலோ ஆனி, ஆடி, ஆவணி முழுக்க ஊசிச் சாரல். ரோடு காயவே நேரம் கிடையாது. அதனால்தான் இந்த ஊரில் வைத்து இதைப் பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன்.

வாசுதேவன் சார் செய்தது என்ன? 2001-ஐ ஒட்டி, பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும், தடை செய்ய வேண்டும் என்று ஒரே பேச்சாக இருந்த சமயம். அவருடைய எண்ணம் வேறு மாதிரி ஓடியது. பிளாஸ்டிக்கும் ஹைட்ரோகார்பன், தாரும் ஹைட்ரோகார்பன், இரண்டும் பெட்ரோலிய வீட்டுப் பிள்ளைகள், சேர்த்துப் பார்த்தால் என்ன? இந்த எண்ணம் மட்டும் புதிது இல்லை. வெளிநாடுகளில் தாரோடு பாலிமரைக் கலக்கும் முறை முன்பே உண்டு. அதை ஈர முறை என்கிறோம். பாலிமரைச் சூடான தாருக்குள் போட்டு, வேகமாகச் சுற்றும் கலக்கியில் அரைத்துக் கலப்பார்கள். அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். கழிவு பாலிதீனைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாலில் ஆடை மாதிரி பிரிந்து மேலே வந்துவிடும். நிறையவும் போட முடியாது.

இவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். தாரில் போடவில்லை, கல்லில் போட்டார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! கேட்கும்போது 'இதுதானா' என்று தோன்றும். ஆனால் ஜல்லியை எப்படியும் 160, 170 டிகிரிக்குச் சுடவைக்கத்தான் போகிறோம். பிளாஸ்டிக்கைச் சல்லடை அளவுக்கு, அதாவது சுமார் 2-லிருந்து 4 மில்லிமீட்டர் துணுக்குகளாக வெட்டி, அந்தச் சூடான கல் மேல் தூவினால் அரை நிமிடத்தில் உருகிக் கல்லைச் சுற்றி எண்ணெய் தேய்த்த மாதிரி மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதற்கு மேல் தார். இப்போது தார் தொடுவது கல்லை அல்ல, தன் சொந்தக்கார பாலிமரை. கல்லின் மேலுள்ள நுண்துளைகளும் அடைபட்டுவிடுவதால் தண்ணீர் புக வழி குறைவு.

எண்களைச் சொல்கிறேன், பொறியாளர்கள் கூட்டம் அல்லவா. அவர்களுடைய சோதனையில் வெறும் ஜல்லி சுமார் 4 சதவீதம் ஈரம் உறிஞ்சியது. எடையில் 1 சதவீதம் பிளாஸ்டிக் பூசியதும் அது 2 ஆனது. 2 சதவீதம் பூசியபோது 1.1. 3 சதவீதத்தில் ஈரம் ஏறக்குறைய இல்லை. கல்லின் மொத்துண்ணும் மதிப்பு, நாம் ஆய்வகத்தில் உருளைக்குள் கல்லைப் போட்டுப் பதினைந்து தடவை 'தொம் தொம்' என்று இடிப்போமே, அந்தச் சோதனை, 25-லிருந்து 17-க்கு இறங்கியது. இறங்கினால் நல்லது என்பது உங்களுக்குத் தெரியும், கல் குறைவாக நொறுங்குகிறது என்று பொருள். பூச்சு கல்லுக்கு ஒரு சட்டை போட்ட மாதிரி.

ஒற்றைத் தட சாலை, 3.75 மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் மேல்பூச்சுக்குச் சுமார் 10 டன் தார் வேண்டும். அதில் ஒரு டன்னுக்குப் பதிலாக ஒரு டன் பிளாஸ்டிக் போடலாம். ஒரு கேரி பை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் பை. சிக்கனம் கொஞ்சம், சுத்தம் கொஞ்சம், ஆயுள் கொஞ்சம்.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில் மட்டும் விளையாடக் கூடாது. பாலிதீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன் சரி. 60 மைக்ரானுக்குள் உள்ள அலுமினியப் பூச்சு உறைகளும் போடலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டியே சொல்கிறது. ஆக, நம் குற்றாலத்து ஷாம்பு உறைக்கும் பிஸ்கட் உறைக்கும் ஒரு போக்கிடம் கிடைத்தது. ஆனால் பி.வி.சி. எந்தக் காரணத்துக்கும் கூடாது. அதைச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும், பிளாண்டில் நிற்கிற ஆளுக்கு ஆபத்து. மற்றவை 270 டிகிரி போன்ற உயர்ந்த சூட்டில்தான் சிதையும். நாம் 170-ஐத் தாண்டுவதில்லை. இந்த இடைவெளிதான் இந்த முறைக்குப் பாதுகாப்பு. இதைப் பிளாண்டு ஓட்டுகிற தம்பிக்குப் புரிய வைப்பது பொறியாளரின் கடமை.

முதலில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சாலையில் போட்டுப் பார்த்தார்கள். 2002-ல் சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெரு. அதன் பிறகு ஈரோட்டில் வீரபத்ரா தெரு, மதுரையில் வண்டியூர் சாலை, விளாச்சேரி சாலை. 2003-04 வாக்கில் தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போட்டார்கள். 2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்துக் காசு பண்ணியிருக்கலாம். அரசாங்கத்துக்குச் சும்மா கொடுத்தார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது.

விருதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. போட்ட சாலைகளைப் போட்டதோடு விடவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக அந்தச் சாலைகளுக்குத் திரும்பப் போய் அளந்தார்கள். மேடுபள்ளம், வழுக்கல், மேற்பரப்பின் சொரசொரப்பு எல்லாம் பார்த்தார்கள். பெங்கெல்மன் தடி வைத்தும் அளந்தார்கள். லாரியின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே நீளத் தடியை நுழைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பது. பிளாஸ்டிக் சாலைகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றன. ஒப்பிட எடுத்த சாதாரணத் தார்ச்சாலை, மதுரை எல்லீஸ் நகரில் உள்ளது, அதைத் தாண்டியது. நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரே ஒரு சாதாரணச் சாலையை வைத்து ஒப்பிட்டது போதாது என்பது என் அபிப்பிராயம். ஒரே வயது, ஒரே அடித்தளம், ஒரே போக்குவரத்து உள்ள சாலைகளை ஜோடி ஜோடியாக எடுத்திருக்க வேண்டும். அதை யார் செய்வது? அந்தக் கேள்விக்குத்தான் பிறகு வருகிறேன்.

படிப்புலகத்தில் இந்த ஆராய்ச்சி என்ன தடம் பதித்தது? 2012-ல் கட்டுமானப் பொருள்களுக்கான ஒரு சர்வதேச ஆய்விதழில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை வந்தது. கழிவு பிளாஸ்டிக்கைச் சாலையில் போடுவது பற்றி எந்த நாட்டில் ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் உலர் முறைக்கு மதுரையைச் சொல்லாமல் போவது அபூர்வம். 2013-ல் இந்தியன் ரோடு காங்கிரஸ் இதற்கென்று தனி வழிகாட்டி நூல் வெளியிட்டது. என்னைக் கேட்டால், ஒரு பொறியியல் ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய மேற்கோள் கிடையாது. ஆய்விதழில் நூறு பேர் மேற்கோள் காட்டலாம். விதிநூலில் ஏறிவிட்டால் நாடு முழுக்க உள்ள ஜூனியர் இன்ஜினீயர் எல்லாம் அதைப் புரட்டித்தான் எஸ்டிமேட் போட வேண்டும். ஸ்காட்லாந்தில் மேக்ரிபர் என்ற நிறுவனம், இந்தியாவில் பார்த்ததிலிருந்து யோசனை பெற்று 2016-ல் தொடங்கியது. நெதர்லாந்தில் ஸ்வோல்ல நகரில் 2018-ல் முழுக்க பிளாஸ்டிக் கட்டைகளாலேயே ஒரு சைக்கிள் பாதை போட்டார்கள், அது வேறு வகை.

இங்கே தனியார் கல்லூரிகளில் பேராசிரியராக இருக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு இத்தனை கட்டுரை என்று உங்கள் கழுத்தில் கத்தி. வாசுதேவன் சாரும் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, லேப் பார்த்த வாத்தியார்தான். பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் வெளிநாட்டுக் கருவிகளோடு உட்கார்ந்தவர் அல்ல. ஆரம்பத்தில் அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அடுப்பு, ஜல்லி, கேரி பை, தார், ஒரு மார்ஷல் சோதனை இயந்திரம். அதோடு சிவில் துறைக்காரர்களோடு உட்கார்ந்து பேசும் மனசு. நம் கல்லூரியில் நான் படித்த நாலு வருஷமும் வேதியியல் துறையும் சிவில் துறையும் ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தன. நடுவில் தண்ணீர்த் தொட்டி. அதில் தண்ணி பிடிக்கிற நேரம் தவிர இரண்டு துறையும் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. (சிரிப்பு)

2015 நவம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை 4.7 லட்சம்தான். தென்காசி அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக இரண்டு கணக்கிலும் குற்றாலம் கோட்டுக்கு வெளியே. சீசனில் வந்து போகிற லட்சக்கணக்கான சனம் எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை, அவர்கள் போட்டுவிட்டுப் போகும் உறை மட்டும் இங்கே இருக்கிறது. உத்தரவு இல்லாவிட்டால் போடக் கூடாது என்று இல்லை. யாராவது கேட்க வேண்டும்.

நான் கிராமச் சாலைகளில் இந்த முறையில் வேலை செய்திருக்கிறேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். மகளிர் குழு அக்காமார்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்து, கழுவி, காயவைத்து, இயந்திரத்தில் வெட்டிச் சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள். கஷ்டம் முழுக்க அந்தக் 'காயவைத்து'வில் இருக்கிறது. ஈரத் துணுக்கைச் சூடான கல்லில் தூவினால் ஆவி கிளம்பும், படலம் பிடிக்காது. மண் ஒட்டியிருந்தால் அதுவும் கெடுக்கும். அந்த அக்காமார்களுக்குக் கிலோவுக்குக் கொடுக்கிற காசில் கழுவுகிற தண்ணீரின் விலையும் வெயிலுக்குக் காத்திருக்கிற நாளின் கூலியும் சேருவதே இல்லை. இன்னொரு இடத்தில் ஒரு காண்ட்ராக்டர், அதிகாரி வருகிற நாளில் மட்டும் இரண்டு சாக்கைப் பிரித்துக் கொட்டிப் படம் எடுத்துக்கொண்டார். மற்ற நாளெல்லாம் சாக்கு ஓரமாகக் கிடந்தது. பில்லில் பத்து சதவீதம் பிளாஸ்டிக். அந்த ரோடு இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் என்னிடம், "பிளாஸ்டிக் ரோடுன்னீங்க, என்ன தம்பி இப்படிப் பேந்து போச்சு"ன்னு கேட்டார். பெயர் கெட்டது வாத்தியாருக்கு!

கடைசியாக ஒரு சந்தேகம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாலை தேயும். தேயும்போது அந்தப் படலம் எங்கே போகும்? நுண்பிளாஸ்டிக்காக மழைநீரில் போகுமா, தார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா? ஆஸ்திரேலியாவில் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கல் வேறு, பிளாஸ்டிக் வேறு, மழை வேறு. இங்கே விழுகிற சாரல் சிற்றாற்றுக்குப் போகிறது. சிற்றாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருகிறது. அது நம் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். சாக்கடையில் மிதக்கும் உறையும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டில் எது அதிகம் போகிறது என்று அளந்து பார்க்காமல் நான் ஒரு பக்கம் பேச மாட்டேன்.

இப்போது பொதுக்குழு விஷயம். சங்க நிதியில் கல்லூரி வாசலில் ஒரு வளைவு கட்டுவது என்று தீர்மானம் வருகிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்தேன், என்னையே கட்டச் சொன்னால் லாபமும் உண்டு. ஆனால் நான் ஒரு மாற்றுத் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகையில் சிவில் துறைக்குப் புதிய மார்ஷல் இயந்திரம், வேதியியல் துறைக்கு நுண்பிளாஸ்டிக் பார்க்கத் தகுந்த நுண்ணோக்கி. பிறகு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒர்க்ஷாப் வரை உள்ள பாதையில் 100 மீட்டர் சாதாரணத் தார், 100 மீட்டர் பிளாஸ்டிக் பூசிய ஜல்லி. ஒரே நாளில், ஒரே அடித்தளத்தில், ஒரே ரோலரில். இரண்டுக்கும் ஓரத்தில் தனித்தனி வடிகால் தொட்டி. மழை பெய்யும் மாதமெல்லாம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தொட்டித் தண்ணீரை வடிகட்டிப் பார்க்கட்டும். ஐந்து வருஷம். ரோடு போடும் கூலியும் மேற்பார்வையும் என் பொறுப்பு, அதற்குச் சங்கம் பைசா தர வேண்டாம். ஜல்லி தர இரண்டு பேர் நேற்று ராத்திரியே ஒத்துக்கொண்டுவிட்டார்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு மட்டும் குற்றாலத்து உறையை எடுத்துப் போவோம். சேகரித்துக் காயவைத்துத் தர மகளிர் குழு ஒன்றிடம் பேசியிருக்கிறேன். இந்தத் தடவை கிலோ விலையை அவர்களையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பொதுக்குழு மூன்று மணிக்கு. கை தூக்க எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. ஐந்தருவிக்குப் போகிறவர்கள் இரண்டரைக்குள் தலை துவட்டித் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.